புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொங்குகிறது, வார்னிஷ் அடித்தால் இறுகுமா?

ஓரப்பக்கம்:
வணக்கம். ஐந்து தட்டு உள்ள புத்தக அலமாரி, பார்ட்டிகிள் போர்டில் செய்தது, மேலே வெள்ளை மெலமைன் பூச்சு. தட்டு நீளம் 90 செ.மீ., ஆழம் 25 செ.மீ., கனம் 18 மி.மீ. நடுவில் உள்ள இரண்டு தட்டும் நன்றாகவே தொங்கிவிட்டன. நூல் பிடித்துப் பார்த்தேன், மோசமானதில் 14 மி.மீ. இறக்கம். அதற்குக் கீழே நிற்கும் உயரமான புத்தகத்தை இழுத்தால் மேலே உரசிக்கொண்டுதான் வருகிறது. தட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சாய்ந்து, துளையும் அகண்டுவிட்டது. தினமும் எடுத்து வைக்கிற புத்தகங்கள் என்பதால் முன்விளிம்பில் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் தூள் தெரிகிறது.

என் யோசனை இதுதான்: இரண்டு கோட் பாலியூரித்தேன் வார்னிஷ், அது காய்ந்ததும் மேலே பிவிசி விரிப்பு. இதில் தட்டு கொஞ்சமாவது இறுகுமா? புது அலமாரி வாங்கும் எண்ணம் இல்லை. கையில் டிரில், இரண்டு கிளாம்ப், ஒரு சின்ன கைரம்பம் இருக்கின்றன.

நாலாம்தட்டு:
தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், வேலை முடிந்தது. நான் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உளிச்சத்தம்:
திருப்பிப் போட்டால் கொஞ்ச காலம் நேராகத் தெரியும், அப்புறம் அந்தப் பக்கமும் இறங்கும், முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே. பார்ட்டிகிள் போர்டில் நார் கிடையாது, மரத்தூளும் சீவலும் பசையில் ஒட்டி அழுத்தியதுதான். பாரம் ஏற்றிய அன்று எவ்வளவு வளைகிறதோ அதோடு நிற்காது, பாரம் மேலே இருக்கிற வரை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும், நாளடைவில் முதல்நாள் வளைவின் இரண்டு மடங்கைத் தொடுவது சாதாரணம். பாரத்தை எடுத்தாலும் முழுசாகத் திரும்பி வராது.

வார்னிஷ் விறைப்பைக் கூட்டாது. ஈரமும் கீறலும் தாக்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் கேட்பது இரண்டு தனி வேலைகள், முதலில் தொய்வைப் பாருங்கள், பூச்சும் விரிப்பும் அதற்குப் பிறகு. சரி, இரண்டு விஷயம் சொல்லுங்கள்: புத்தகம் ஒரு வரிசையா, முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையா? அலமாரியின் முதுகுப்பலகை எதில் செய்தது, ஆணி எல்லாம் பிடித்திருக்கிறதா?

ஓரப்பக்கம்:
பெரும்பாலும் ஒரு வரிசைதான். மோசமான தட்டில் மட்டும் பின்னால் கொஞ்சம் பழைய இதழ்களைப் படுக்கவைத்திருக்கிறேன். முதுகு 3 மி.மீ. ஹார்ட்போர்டு, சுற்றிலும் சின்ன ஆணி, ஒரு மூலையில் விட்டிருக்கிறது. தட்டுகள் முதுகோடு சேரவில்லை, பின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
புத்தகத்தின் எடையை எல்லோரும் குறைத்தே நினைக்கிறார்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 500 உள்ள கட்டு இரண்டரை கிலோ, கனம் ஏறக்குறைய 5 செ.மீ. அப்படியென்றால் ஏ4 அளவுத் தாள்களை நெருக்கி நிறுத்திய ஒரு மீட்டர் வரிசை 50 கிலோ. சாதாரண அளவுப் புத்தகங்கள் என்றால் மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ வரும். பளபளப்பான ஆர்ட் தாளில் அச்சடித்த இதழ்கள் இதைவிடக் கனம், அந்தத் தாளில் களிமண்ணோ சுண்ணப்பொடியோ பூசியிருக்கும். முதல் காரியமாக அந்த இதழ்களை அடித்தட்டுக்கு இறக்குங்கள்.

உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். மீட்டருக்கு 30 கிலோ என்றால் இந்த மாதிரித் தட்டு வைத்த அன்றே சுமார் 8 மி.மீ. இறங்கும். மிச்சம் 6 மி.மீ. நாள்பட வந்தது. ஆக உங்கள் தட்டில் பழுது எதுவும் இல்லை, அந்த நீளத்துக்கு அது போதவில்லை. ஒரே நெருக்கத்தில் அடுக்கினால் வளைவு நீளத்தின் நான்காம் படியில் ஏறும். 60 செ.மீ. தட்டைவிட 90 செ.மீ. தட்டு ஒன்றரை மடங்குதான் நீளம், வளைவோ ஐந்து மடங்கு. கனத்தில் மும்மடிக் கணக்கு: 18ஐ 25 மி.மீ. ஆக்கினால் வளைவு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். ஆழத்தைக் கூட்டியோ குறைத்தோ பெரிய பயன் இல்லை.

நாலாம்தட்டு:
அப்படியானால் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் தீர்ந்ததே? கணக்குப்படி பதினாறில் ஒரு பங்காகிவிடுமே.

உளிச்சத்தம்:
ஆகும், ஆனால் ஒரு தட்டுக்கு மட்டும் முட்டு வைத்தால் அதன் பாரம் அடுத்த தட்டின் நடுவில் போய் இறங்கும், அது இன்னும் மோசம். மேலிருந்து தரைவரை எல்லா முட்டும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும், அடிப்பலகை தரையில் படாமல் தூக்கலாக இருந்தால் அதற்கு அடியிலும் ஒரு கட்டை வேண்டும். தட்டை இடம் மாற்றுகிற வசதியும் போய்விடும். அதற்குத் தயார் என்றால் இதைவிட உறுதியான வழி இல்லை.

அது வேண்டாம் என்றால் என் விருப்பம் முன்விளிம்பின் கீழே மர ரீப்பர். 38க்கு 19 மி.மீ. அளவில் முடிச்சு இல்லாத நேரான கெட்டிமரம். 38 பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்க வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
படுக்க வைத்தால் அதே ரீப்பர் கால் பங்கு வேலைதான் செய்யும். நிற்க வைத்த ரீப்பர் ஒன்றின் விறைப்பே உங்கள் முழுத் தட்டின் விறைப்பைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்தால் அந்த 8 மி.மீ. 2 மி.மீ. அளவுக்கு வந்துவிடும்.

உளிச்சத்தம்:
இனி செய்முறை. தட்டைக் கழற்றித் தொங்கின பக்கம் மேலே வரும்படி கவிழ்த்துப் போடுங்கள், அதாவது நடு மேடாக இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் விரிசல் ஓடியிருந்தாலோ விளிம்பு ஈரத்தில் ஊதியிருந்தாலோ அந்தத் தட்டில் உழைப்பைக் கொட்டாதீர்கள், 18 மி.மீ. பிளைவுட் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது மேல்தாளின் நார் நீளவாட்டில் ஓடுகிறதா என்று பார்த்து வெட்டச் சொல்ல வேண்டும், குறுக்கே ஓடினால் விறைப்பு நன்றாகக் குறையும். பிளைவுட்டுக்கும் 90 செ.மீ. என்பது கொஞ்சம் நீளம்தான், அதற்கும் ரீப்பர் போடுவது நல்லது.

விரிசல் இல்லையென்றால் ரீப்பர் உட்காரும் இடத்தில் மெலமைன் பூச்சை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். வழவழப்பின்மேல் வெள்ளைப் பசை பிடிக்காது. பசை தடவி, ரீப்பரை முன்விளிம்போடு ஒட்டி நிறுத்தி, நடுவிலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்கி, தட்டு நேராகிற வரை இழுங்கள். அப்புறம் ஸ்க்ரூவைத் தட்டின் மேல்பக்கத்திலிருந்து கீழே ரீப்பருக்குள் இறக்க வேண்டும், 40 மி.மீ. நீளம், ஏறக்குறைய 15 செ.மீ.க்கு ஒன்று. பிடி முழுக்க ரீப்பரின் மரத்தில் கிடைக்கும். முன்னாலிருந்து பார்ட்டிகிள் போர்டின் விளிம்புக்குள் ஸ்க்ரூ முடுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்து பிடிப்பே இருக்காது. ஒவ்வொன்றுக்கும் முதலில் சின்ன துளை போட்டு, தலை மேலே நீட்டாமல் குழித்து உட்கார வையுங்கள், இல்லையென்றால் புத்தக அடிகளைக் கிழிக்கும்.

துளை வரிசையாக உள்ள அலமாரிகளில் முன்பக்கப் பின் பெரும்பாலும் விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே இருக்கும், அதனால் 19 மி.மீ. ரீப்பர் அதற்கு முன்னால் இடிக்காமல் நிற்கும். உங்களுடையதை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஒரு மி.மீ. போலக் குறைத்து வெட்டுங்கள். ஆமாம், கீழ்த்தட்டின் உயரத்தில் 38 மி.மீ. போகும், உயரமான புத்தகம் இருந்தால் அதைக் கணக்கில் வையுங்கள்.

ஓரப்பக்கம்:
மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. உயரம்தான் எனக்குப் பிரச்சினை, 38 போனால் ஒரு வரிசை உள்ளே நுழையாது. இரும்பு ஆங்கிள் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக. 25க்கு 25, கனம் 3 மி.மீ. இரும்பு ஆங்கிள் அந்த ரீப்பரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பு, உயரத்தில் போவது 25 மி.மீ.தான். அதே அளவு அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் உங்கள் தட்டைவிடக் கூடுதல், துருப்பிடிக்கவும் செய்யாது. அதற்கு ஸ்க்ரூ கீழிருந்து போர்டுக்குள் போகும், 16 மி.மீ.க்கு மேல் நீளம் போகாதீர்கள், ஆங்கிளின் கனத்தையும் சேர்த்தால் மேலே குத்திக்கொண்டு வராது. வெட்டின முனைகளை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள், தினமும் கை போகிற இடம்.

உளிச்சத்தம்:
முதுகுப்பலகையை யாரும் தொடவில்லையே. விட்டுப்போன மூலையை முதலில் சரிசெய்து, தட்டு எங்கே நிற்கும் என்று முடிவான பிறகு பின்னாலிருந்து முதுகு வழியாகத் தட்டின் பின்விளிம்பில் சின்ன ஆணிகளை வரிசையாக அடியுங்கள். 3 மி.மீ. என்றாலும் செங்குத்தாக நிற்கிற பலகை தன் தளத்தில் வளையவே வளையாது, பின்விளிம்பு கீழே போக வழியில்லாமல் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஆங்கிள், பின்னால் முதுகு, இரண்டும் சேர்ந்தால் அந்தத் தட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பின் சாய்ந்தது பாரத்தால் மட்டுமாக இருக்காது. முதுகு விட்டால் பக்கப்பலகைகள் வெளியே பிதுங்கும், தட்டுக்கும் பலகைக்கும் இடைவெளி கூடும், பின் நுனியில் தொங்கிக்கொண்டு ஒருநாள் மொத்தமும் கீழே வரும். மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும் உள்ளகலத்தை அளந்து பாருங்கள். நடுவில் கூடுதல் என்றால் நடுத்தட்டை நிரந்தரமாக்கி, பக்கத்திலிருந்து போர்டுக்கென்று வரும் தடித்த கன்ஃபர்மேட் ஸ்க்ரூ போட்டு இழுத்துவிடுங்கள். அகண்ட துளைக்கு: 8 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, பசையோடு மரமுளை அடித்து, மறுநாள் அதன் நடுவில் புதிதாக 5 மி.மீ. துளை. டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பலகையைத் தாண்டி வெளியே வந்துவிடப்போகிறது. பிளாஸ்டிக் பின்களை எறிந்துவிட்டு உலோகப் பின் போடுங்கள்.

பழையதாள்:
விரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். மென்மையான பிவிசி விரிப்பில் நெகிழ்வூட்டி சேர்த்திருப்பார்கள், அது மெல்லக் கசிந்து அட்டையோடு ஒட்டும், வெப்பமான அறையில் இன்னும் சீக்கிரம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள அட்டை என்றால் எடுக்கும்போது அச்சே பிரிந்து வரும். பதிலுக்கு அமிலமில்லாத கெட்டி அட்டையைத் தட்டு அளவுக்கு வெட்டிப் போடுங்கள், அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம். வார்னிஷ் அடித்தால் தொட்டுப்பார்த்துக் காய்ந்தது என்று உடனே அடுக்காதீர்கள். தொடுவதற்குக் காய்வது சில மணி நேரம், பாரம் தாங்குகிற அளவுக்கு இறுகச் சில வாரம்கூட ஆகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, வாசனையும் போயிருக்க வேண்டும். எண்ணெய் எனாமல் இன்னும் மோசம், நாள்கணக்கில் உலரவிட்டாலும் பாரத்துக்கு அடியில் பசைபோலப் பிடிக்கும்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓரிரு அங்குலம் காற்றுப்போக விடுங்கள், சுவர் ஈரம்தான் பார்ட்டிகிள் போர்டுக்கு முதல் எதிரி.

நாலாம்தட்டு:
இதற்கெல்லாம் பதில் மேலே ஒரு மைக்கா ஒட்டிவிடலாமே, கீறலும் படாது, ஈரமும் ஏறாது, பலமும் வரும்.

உளிச்சத்தம்:
மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் தட்டு கோணும். ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, போர்டு வில்போல் வளையும். இரண்டு பக்கமும் ஒட்டினால் நாலாம்தட்டு சொல்வது சரிதான், 1 மி.மீ. மைக்கா மேலும் கீழும் நன்றாக ஒட்டிய தட்டின் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகும். ஆனால் ஏற்கெனவே மெலமைன் உள்ள, ஏற்கெனவே வளைந்த தட்டில் அதைச் செய்வது வீண் உழைப்பு. உரிந்த முன்விளிம்புக்குத் தூளை ஊதிவிட்டு, நீர்த்த வெள்ளைப் பசை ஒரு பூச்சு கொடுத்து இறுகவிட்டு, மேலே எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டுங்கள், அது போதும்.

ஓரப்பக்கம்:
இரண்டு தட்டுக்கும் இரும்பு ஆங்கிள் போட்டு, முதுகையும் ஆணி அடித்துவிட்டேன். அகலம் அளந்தால் நடுவில் 4 மி.மீ. கூடுதல், உளிச்சத்தம் சொன்னதேதான், நடுத்தட்டை ஸ்க்ரூ போட்டு இழுத்ததும் உள்ளே வந்தது. எல்லாப் புத்தகத்தையும் ஏற்றிய பிறகு நூலில் 2 மி.மீ.கூட இல்லை. வார்னிஷ் யோசனையை விட்டுவிட்டு அட்டை போட்டிருக்கிறேன். இப்போது முதுகும் தட்டும் ஒன்றாகிவிட்டதால் அலமாரி முன்னால் சாய வாய்ப்பு உண்டா?

உளிச்சத்தம்:
அதனால் அல்ல, ஆனால் முன்னால் சாய்வது எந்த உயரமான அலமாரிக்கும் உள்ள ஆபத்துதான், வீட்டில் ஏறி விளையாடும் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். மேல்பலகையின் அடியில் ஒரு எல் கிளாம்ப், சுவரில் ரால்பிளக் வைத்து ஸ்க்ரூ, இரண்டு இடத்தில். காற்றுக்கு விட்ட இடைவெளி அளவுக்கு நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து முடுக்குங்கள். 3 மி.மீ. முதுகில் மட்டும் ஸ்க்ரூவை நிறுத்திவிடாதீர்கள், அது பிய்த்துக்கொண்டு வரும்.