புதுப்பிப்பு: தார் பாலைவன 300 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம்

மாரி மழைக்குள் நிலாவெளி வீதியில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது, ஜனவரியில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் நடக்கும் 300 கிலோமீட்டர் பிரெவேக்கு (போட்டி இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) என்ன உடுப்பு கொண்டுபோவது என்று இங்கே கேட்டிருந்தேன். முடித்துவிட்டேன்! வரம்பு 20 மணித்தியாலம், எனக்கு 18 மணி 40 நிமிடம்.

குளிரைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. விடிய 5 மணிக்கு விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்கவே முடியவில்லை, ஒருவர் சொன்னபடி பத்திரிகைத் தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையில் வைத்ததுதான் காப்பாற்றியது.

யாரும் சொல்லாதது பகல். திருகோணமலையில் வியர்வை சொட்டும், தண்ணீர் குடிக்க ஞாபகம் வரும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தெரியாமலே காய்ந்து சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் நிற்கிறது, அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு மணித்தியாலமாகக் குடிக்கவில்லை என்று விளங்கியது. தாகத்தை நம்பாதீர்கள், நேரம் வைத்துக் குடியுங்கள்.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள்ளால் இரண்டு தடவை காற்றுப் போனது, இரண்டாவது தடவை இருட்டில். டயருக்குள் விரலை விட்டுத் தடவி, முறிந்த நுனியை எடுத்த பிறகே புது டியூப் போடுங்கள்.

வழியில் சோதனை இடங்களில் முத்திரை குத்திய அட்டையின் படம் நாளைக்குப் போடுகிறேன்.