லெஸ்டர்ல வீடு, லண்டன்ல வகுப்பு: போய்வரவா, குடிமாறவா?

கேள்வி: நாங்க தக்கலைக்காரங்க. வீட்டுக்காரி லெஸ்டர்ல நர்ஸ், ஹெல்த் அண்ட் கேர் விசா (மருத்துவ வேலைக்கான விசா). நான் டிபெண்டன்ட், அதாவது அவங்க விசாவைச் சார்ந்து வந்தவன். லண்டன்ல பார்ட் டைம் எம்எஸ்சி, ரெண்டு வருஷம், இடம் கிடைச்சிருக்கு. பிள்ளையை அடுத்த செப்டம்பர்ல ரிசப்ஷன்ல (இங்க பள்ளிக்கூடத்துல முதல் வகுப்புக்கு முந்தினது) சேர்க்கணும். குடும்பத்தோட லண்டனுக்கு மாறிரலாமா? இல்ல, நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போய்வாற மாதிரி சமாளிச்சிரலாமா?

பதில்: தம்பி, திருவனந்தபுரக் கணக்கை முதல்ல விடுங்க. அது எழுபது கிலோமீட்டர் சொச்சம். இது 160, நாகர்கோவில்ல ஏறி கொல்லத்தையும் தாண்டுற தூரம். ரயில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். வீட்ல இருந்து ஸ்டேஷன், காத்திருப்பு, லண்டன்ல டியூப் (சுரங்க ரயில்) எல்லாம் சேர்த்தா ஒரு பக்கத்துக்கு ரெண்டரை மணி நேரம்னு வைங்க.

ஆனா முடிவு பண்ணவேண்டியது தூரத்தை வச்சு இல்ல, வகுப்பு நாளை வச்சு. பெரும்பாலான எம்எஸ்சிக்கு வருஷத்துல ரெண்டு டெர்ம், ஒவ்வொண்ணும் பத்துப் பதினோரு வாரம். வாரம் ஒரு நாள்னா வருஷத்துக்கு 22 பயணம்தான். வாடகையோ 52 வாரமும் ஓடும். படிப்போட மொத்தம் 180 கிரெடிட்ல (படிப்பு அளவுப் புள்ளி) 60 ஆய்வறிக்கைக்குப் போயிரும், அதை வீட்ல இருந்தே எழுதலாம். அதனால வாரம் ஒரு நாள்னா யோசிக்கவே வேண்டாம், போய்வாங்க. அடுத்தடுத்து ரெண்டு நாள்னா நடுவுல ஒரு ராத்திரி தங்குங்க. லண்டன் ஈஸ்ட் ஹாம்ல சொந்தக்காரங்க இருந்தா நல்லதுதான். ஆனா வாராவாரம் போய் நின்னா மூணாவது மாசம் முகம் மாறும், அதையும் கணக்குல வைங்க. மூணு நாளோ அதுக்கு மேலயோ இருந்தாதான் அங்க அறை எடுக்கிறதைப் பேசணும்.

பணம் கட்டுறதுக்கு முன்னால துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்க. போன வருஷ டைம்டேபிள் கிடைக்குமா? ரெண்டாம் வருஷமும் அதே கிழமையா? ரெக்கார்டிங் உண்டா? லேப், பரீட்சை நேர்லயா? புது டைம்டேபிள் பல இடத்துல டெர்ம் தொடங்க சில வாரம் இருக்கும்போதுதான் வரும். அதுவரைக்கும் சீசன் டிக்கெட், வாடகை ஒப்பந்தம் எதுலயும் கை வைக்காதீங்க.

டிக்கெட்ல ஏமாறுற இடம் மூணு. ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட்ல 28 நாளுக்குள்ள 8 பாஸ், ஒரு பாஸ் ஒரு நாளுக்கு. வாரம் ஒரு நாள் போறவருக்கு நாலு பாஸ் வீண். அடுத்தது அட்வான்ஸ் டிக்கெட்: குறிச்ச ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். வகுப்பு பத்து நிமிஷம் நீண்டு ரயிலை விட்டா காசு போச்சு. போக அட்வான்ஸ், வர ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) சிங்கிள்னு பிரிக்கலாம்னு தோணும். பல தடத்துல ஆஃப்-பீக் சிங்கிளும் ரிட்டர்னும் ஏறக்குறைய ஒரே விலை, பார்த்துட்டு வாங்குங்க. மூணாவது ரயில்கார்டு, அதாவது டிக்கெட் விலையைக் குறைக்கிற சலுகை அட்டை. 16-25 கார்டை 26 வயசுக்கு மேல வாங்கணும்னா முழுநேர மாணவரா இருக்கணும், பார்ட் டைமுக்குக் கிடையாது. முப்பது வயசு வரைக்கும்னா 26-30 கார்டு யாரும் வாங்கலாம், மூணுல ஒரு பங்கு குறையும்.

லண்டன்ல இருக்கிற பிர்க்பெக் கல்லூரி மாதிரி சாயங்காலம் 6 மணி முதல் 9 வரை வகுப்பு வைக்கிற இடம்னா இன்னும் வசதி. மதியம் போய் ராத்திரி திரும்பினா ரெண்டு பக்கமும் நெரிசல் நேரக் கட்டணம் இல்ல. கடைசி ரயிலை நம்பாதீங்க, அதுக்கு முந்தின ரயிலுக்குத் திட்டம் போடுங்க. தண்டவாள வேலைன்னு ராத்திரியிலயும் ஞாயிற்றுக்கிழமையிலயும் ரயிலுக்குப் பதிலா பஸ் விடுவாங்க. ரயில் தாமதமானா டிலே ரீபேங்கிற திட்டத்துல நஷ்டஈடு கேளுங்க, கேக்காம யாரும் தரமாட்டாங்க.

இன்னொரு பதில்: அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம். குடும்பத்தோட மாறுறதுன்னா வீட்டுக்காரிக்கு லண்டன்ல வேற வேலை வேணும். புது ஆஸ்பத்திரி ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் (விசாவுக்கு வேலை தர்றவங்க குடுக்கிற சான்று) தரணும், புதுசா விசா விண்ணப்பம் போட்டு அனுமதி வந்தபிறகுதான் அங்க சேரமுடியும். உங்க விசாவும் அவங்க விசாவோட கட்டுண்டது. அவங்க நோட்டீஸ் குடுத்துட்டு நீங்க வீடு தேடுறது தலைகீழ்.

பள்ளிக்கூடத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள், ஏப்ரல் 16-ல இடம் சொல்லுவாங்க. அதுக்குப்பிறகு முகவரி மாறினா தாமத விண்ணப்பம், பக்கத்துப் பள்ளி நிரம்பியிருந்தா தூரத்துல போடுவாங்க.

லண்டன்ல தனி ஸ்டுடியோ (ஒற்றை அறை வீடு) எடுத்தா கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளூர் வீட்டு வரி, உங்க தலையில. மாணவர் விலக்கு முழுநேரப் படிப்புக்கு மட்டும்: வருஷத்துல 24 வாரம், வாரம் 21 மணி நேரம். வீட்டு ஓனர் கூடவே இருக்கிற வீட்ல லாட்ஜரா (ஒரு அறைக்கு மட்டும் வாடகைக்கு இருக்கிறவரா) ஒரு அறை எடுத்தா அந்த டாக்ஸ் அவரோடது. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்னே சிலர் அறை வாடகைக்கு விடுறாங்க.

டிபெண்டன்ட் படிக்க விசாவுல தடை இல்ல. சில அறிவியல், பொறியியல் பாடத்துக்கு மட்டும் ஏடிஏஎஸ் (ATAS) அனுமதி, அதாவது பாதுகாப்பு சம்பந்தமான பாடம் படிக்க அரசாங்கம் தர்ற சான்று, முன்கூட்டியே வாங்கணும். இதைப் பார்த்து ஊர்ல இருக்கிற தம்பியையும் பார்ட் டைம் ஸ்டூடன்ட் விசாவுல கூப்பிட நினைக்காதீங்க. அந்த விசாவுல வேலை செய்ய அனுமதி இல்ல, குடும்பத்தையும் கூட்டிவர முடியாது.

கேள்வி: அக்கா, கார்ல போனா மிச்சம் ஆகாதா?

பதில்: இந்திய லைசென்ஸ் இங்க குடியேறின நாள்ல இருந்து 12 மாசம்தான், மாத்தித் தரமாட்டாங்க. புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்), தியரி, பிராக்டிகல்னு முதல்ல இருந்து தொடங்கணும், இப்பவே தொடங்குங்க. செலவை மைலுக்கு 45 பென்ஸ்னு போடுங்க: போக வர 200 மைல், 90 பவுண்ட். பார்க்கிங் தனி. லெஸ்டர் ஸ்டேஷன் வரைக்கும் கார்ல போய், அங்கேருந்து ரயில் ஏறுங்க.