அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: பழைய பெயிண்ட்டுக்குப் பாலிஷ் போட்ட அனுபவங்கள் (ஒவ்வொருத்தர் பேச்சுக்கு மேலயும் அவங்க ஊரும் வண்டியும்)

கோவை, பத்மினி

பழைய வண்டி கைக்கு வந்ததும் பாலிஷ் டப்பாவைத் திறக்காதீங்க. மேல இருக்கிறது என்ன பெயிண்ட்டுன்னு முதல்ல தெரியணும். டிக்கி மூடி உள்பக்கம் வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்ங்க. துணியில வண்டி கலர் ஏறினா மேல கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத அடுக்கு கிடையாது, கலரே மேல் அடுக்கா இருக்கிற சிங்கிள் ஸ்டேஜ். அப்புறம் அதே மாதிரி மறைவான மூலையில, பஞ்சுல தின்னர் தொட்டு வைங்க. கரைஞ்சு பஞ்சோட வந்தா என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். சுருங்கிக் கொப்புளிச்சா எனாமல். அசையவே இல்லைன்னா பிற்பாடு யாரோ பியூ (பாலியூரிதேன் பெயிண்ட்) அடிச்சிருக்காங்க. ஒரே வண்டியில மூணும் இருக்கலாம், அதனால பேனலுக்குப் பேனல் பாருங்க. டிங்கர் வேலை (நசுங்கின தகரத்தைத் தட்டி எடுக்கிறது) நடந்த கதவும், தொடாத ரூஃபும் ஒண்ணா இருக்கவே இருக்காது.

மதுரை, அம்பாசடர்

அதோட, பெயிண்ட் கனத்தை மைக்ரான்ல அளக்கிற மீட்டரையும் சேர்த்துக்கங்க சார். பேனலுக்கு அஞ்சாறு இடத்துல வைக்கணும். 100-லிருந்து 150 வந்தா வேலை பார்க்கலாம். 80-க்குக் கீழ காட்டினா, பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்கிற காம்பவுண்ட் பேச்சே வேண்டாம். 300-ஐத் தாண்டினா மறு பெயிண்ட். 500, 1000-னு ஏறினா அடியில பட்டி, பள்ளத்தை அடைக்கிற பூச்சு. "கனமாத்தானே இருக்கு, நல்லா தேய்க்கலாம்"னு இங்கதான் ஏமாறுவாங்க. மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், அதுல பட்டி எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டாது. இன்னொண்ணு, பட்டி சூட்டைத் தகரத்துக்குக் கடத்தாது. மெஷின் சூடு மேலேயே தேங்கி, பெயிண்ட் சீக்கிரம் இளகிடும்.

ஆபத்தான இடம் விளிம்புதான். அம்பாசடர்ல பானட் நடுமேடு, பத்மினியில பின்பக்க வால் மடிப்பு. அடிக்கும்போதே ஈரப் பெயிண்ட் முனையை விட்டு விலகி மெல்லிசாத்தான் நிற்கும். அதுக்கு மேல, இத்தனை வருஷமா துடைச்ச துணி எல்லாம் அழுத்தினதும் அந்த மேட்டைத்தான். முக்கால் இஞ்ச் மாஸ்கிங் டேப்பை மேட்டு மேலேயே ஒட்டிட்டு மெஷின் ஓட்டுங்க, டேப்பை எடுத்துட்டு அந்தக் கோட்டைக் கையால முடிங்க. அடியில இருக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் எட்டிப் பார்த்துட்டா அப்புறம் பெயிண்டர்கிட்டதான் போகணும்.

சென்னை, ஹெரால்டு

நம்ம மெட்ராஸ்லயே தயாரான வண்டிங்கிறதால ஹெரால்டு பத்தி ரெண்டு வார்த்தை. பானட் மட்கார்டோட சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் சாயும். திறந்து வச்சுட்டு மெஷின் போடாதீங்க, ஆடும். மூடி, ரெண்டு பக்கக் கொக்கியையும் பூட்டிட்டு ஆரம்பிங்க.

கை வச்சா சாக்பீஸ் பொடி மாதிரி ஒட்டுற பெயிண்ட்டுக்கு நேரா காம்பவுண்ட் போடுறது தப்பு. வெயில்ல மேல் அடுக்கைப் பிடிச்சு வச்சிருக்கிற பைண்டர் செத்து, நிறம் தர்ற பிக்மெண்ட் மட்டும் தூளா நிக்குது. காம்பவுண்ட் அந்தத் தூளோட நல்ல பெயிண்ட்டையும் சேர்த்து வாரிடும். பெயிண்ட்டைச் சுரண்டாத, எண்ணெய்ச் சத்துள்ள கிளேஸ்ங்கிற பாலிஷ்தான் முதல்ல. மெகுவார்ஸ் நம்பர் 7 இந்த வேலைக்கு ரொம்ப காலமாப் பேர் போனது. முரட்டு டர்க்கி டவல்ல தாராளமா எடுத்து, அழுத்தித் தேய்ச்சு, மேல தடிமனா பூசி ராத்திரி முழுக்க விட்டுடணும். காலையில இன்னொரு கோட் தேய்ச்சா, காய்ஞ்சு இறுகினது இளகி வரும், அப்பத் துடைங்க. டவலை அடிக்கடி மடிச்சு மாத்துங்க, இல்லைன்னா செத்த பிக்மெண்ட்டே கீறிடும். மெரூன், கறுப்புல கலர் திரும்பி வர்றதைக் கண்ணால பார்க்கலாம். ஆனா அதுல பாதி எண்ணெயோட பளபளப்பு, மேல வேக்ஸ் போட்டு மூடலைன்னா நிக்காது. பியூவுக்கு இந்த வைத்தியம் வீண்.

கோவை, பத்மினி

ஒத்துக்கிறேன். ஒரு விஷயம் மட்டும்: கிளேஸ் போட்ட பேனலை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வச்சுத் துடைச்சுப் பார்க்காதீங்க, ஊற வச்சதெல்லாம் போயிடும்.

சேலம், அம்பாசடர்

மெஷினுக்கு வர்றேன். சுத்திக்கிட்டே அசையவும் செய்யிற டூயல் ஆக்‌ஷன் மெஷின், மெத்துன்னு இருக்கிற ஃபோம் பேட், பாலிஷ் பட்டாணி அளவுல நாலு சொட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி கட்டம், குறுக்கும் நெடுக்குமா நாலு முறை. ஒரு கட்டம் முடிச்சு லைட் அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம்தான் அடுத்தது. சிங்கிள் ஸ்டேஜ்ல பேட் சீக்கிரம் அடைச்சுக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரஷ் போடுங்க, ஒரு வண்டிக்கு ஆறு பேடாவது கைவசம் வேணும். பேட்ல கலர் ஏறுறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திடீர்னு வேற நிறம் ஏறினா மட்டும் உடனே நிறுத்துங்க, அது பிரைமர்.

பட்டறைகள்ல ஒரே அச்சுல சுத்துற ரோட்டரி மெஷின்ல கம்பளிப் பேட் மாட்டி, மண்ணெண்ணெய் தெளிச்சு ஓட்டுவாங்க. டெலிவரி எடுக்கும்போது கண்ணாடியா இருக்கும். ரெண்டு வாட்டர் வாஷ்ல எண்ணெய் போனதும் வெயில்ல வட்ட வட்டமா சுழி தெரியும். ரோட்டரிதான்னா 1000-1200 ஆர்பிஎம் தாண்டாதீங்க. புறங்கையை வச்சுப் பாருங்க, வைக்க முடியாத சூடுன்னா ஏற்கெனவே அதிகம். சித்திரை வெயில்ல காலை ஒன்பதுக்குள்ள முடிச்சுடுங்க, தகரம் சுட்டா பாலிஷ் பூசின கையோட காய்ஞ்சு இழுக்கும்.

மதுரை, அம்பாசடர்

சில்வர் மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜ் வச்சிருக்கிறவங்க மேல சொன்ன மெஷின் வேலையை அப்படியே பண்ணாதீங்க. அதுல பெயிண்ட்டோட அலுமினியத் துகளும் மேலேயே திறந்து கிடக்கு. தேய்க்கத் தேய்க்கத் துகள் பேர்ந்து பேட் சாம்பலாகும், ஒரு இடம் கறுத்து ஒரு இடம் வெளுத்துத் திட்டாயிடும். சரி பண்ண பேனலையே திரும்ப அடிக்கணும். கையால கிளேஸ், மேல கார்னோபா வேக்ஸ், அவ்வளவோட விடுங்க. ஓரத்து ரப்பர் பீடிங்ல ஒட்டின வெள்ளைப் பொடியை அன்னைக்கே பழைய டூத் பிரஷ்ல எடுத்துடுங்க, இறுகிட்டா ரப்பரைக் கழட்டினாத்தான் போகும்.