ஜப்பான் ஜிம்னிக்கு ஏபி: நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும்

பால்காட்டு மேடு, சுங்கை சிப்புட் (இரவு 9.14)
வணக்கம். ஜப்பானில் இருந்து மலேசியாவுக்கு ஒரு சுசுகி ஜிம்னி ஜீப் கொண்டு வர வேண்டும். 660 சிசி, மஞ்சள் பிளேட் (ஜப்பானின் சிறிய காடி வகை), சொந்த உபயோகத்துக்கு. ஏபி (இறக்குமதி அனுமதி) எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 5,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். நாளை மதியம் 12 மணிக்குள் கட்டினால்தான் கப்பலில் இடமாம். லாசா ரோட்டில் இருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் மண் பாதை, எட்டு ஏக்கர் செம்பனை. மழை பெய்தால் என் வேன் மேடு ஏறாது. கட்டலாமா, வேண்டாமா?

கம்பார் ஸ்பேனர் (9.31)
அண்ணே, எந்த வருஷக் காடி? 1998-இல் வந்த பழைய ஜேபி23-ஆ, 2018-க்குப் பிறகு வந்த ஜேபி64-ஆ? இரண்டுக்கும் இன்ஜினே வேறு. அப்புறம், கிரான்ட் (காடியின் உரிமைப் பத்திரம்) இப்போது யார் பெயரில் இருக்கிறது?

பத்து காஜா பையன் (9.40)
லங்காவித் தீவில் பதியுங்கள். அங்கே வரி கிடையாது, பாதி விலைக்கு முடிந்துவிடும்.

தாப்பா டீச்சர் (9.52)
தம்பி, லங்காவியில் வரியில்லாமல் பதிந்த காடி லங்காவியில்தான் ஓட வேண்டும். அனுமதி வாங்கிக் கொஞ்ச நாள் வெளியே கொண்டு வரலாம், அவ்வளவுதான். சுங்கை சிப்புட் தோட்டத்தில் நிரந்தரமாக நிறுத்த முடியாது. அவரைக் குழப்பாதீர்கள்.

ரிகொண்ட் 20 வருஷம் (10.05)
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. மறுபடியும் சொல்கிறேன், இந்தத் தடவையாவது மனதில் வையுங்கள். ஏபி ஏஜென்ட் கடையில் விற்கும் சாமான் இல்லை, மித்தி (வாணிப, தொழில் அமைச்சு) கொடுக்கும் இறக்குமதி அனுமதி. சொந்த உபயோகத்துக்கான ஏபி, வெளிநாட்டில் சட்டப்படி குறைந்தது ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் ஆளுக்கு. திரும்பும் நாளுக்கு முன் குறைந்தது 9 மாதம் காடி அவர் பெயரிலேயே இருந்திருக்க வேண்டும், லைசனும் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஏலத்தில் பிடித்த காடிக்கு அந்த ஏபி வராது. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

தாப்பா டீச்சர் (10.11)
விஷயம் சரி. ஆனால் நாளை மதியம் பணம் கட்டப் போகிறவரிடம் இந்தத் தொனி தேவையில்லை. அண்ணே, ஜப்பானில் உங்கள் ஆள் யாராவது இருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள்.

ரிகொண்ட் 20 வருஷம் (10.20)
தொனியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கஸ்தம் (சுங்கத் துறை) போடும் மதிப்பு 40,000 வெள்ளி என்று வையுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு, ஆக 52,000. கலால் வரி 60-இல் இருந்து 105 வரை போகும். குறைந்த 60-ஐப் போட்டாலே 83,200. அதன் மேல் விற்பனை வரி 10, மொத்தம் 91,520. நீங்கள் காட்டும் ரசீதை அப்படியே கஸ்தம் ஏற்றுக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். இதற்கு மேல்தான் புஸ்பாகோம் வாகனச் சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு.

ஈப்போ ஹாஃப்கட் (10.34)
எதற்கு இத்தனை செலவு? ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய காடி) இறக்குங்கள். இங்கே பழைய சுசுகி எஸ்ஜே410 ஜீப் ஒன்றை கிரான்ட்டோடு வாங்கி, ஜப்பான் காடியின் பாகத்தை அதில் வைத்துவிடலாம். நான் இரண்டு செய்திருக்கிறேன்.

கம்பார் ஸ்பேனர் (10.41)
அண்ணே, இன்ஜின் மாற்றி ஜேபிஜேயில் முறையாகப் பதிவது வேறு. ஒரு காடியின் சேசிஸ் நம்பரை இன்னொரு காடியில் ஏற்றுவது வேறு. பிடிபட்டால் காடியும் போகும், கேஸும் வரும். தோட்டத்துக்காரரை அதில் இழுக்காதீர்கள்.

கெம்பாரா 2002 (10.58)
நான் சொல்வதையும் கேளுங்கள். பழைய பெரொடுவா கெம்பாரா மேனுவல் ஒன்று வாங்குங்கள். 1.3, நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டலாம். ஜெலாப்பாங்கில் இருந்து லாசா வரை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பழுது பார்ப்பார்கள். நான் அதில் செம்பனைக் குலை ஏற்றியிருக்கிறேன்.

கம்பார் ஸ்பேனர் (11.07)
கெம்பாராவில் லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) கிடையாது, லேடர் சேசிஸ் (ஏணி போன்ற இரும்புச் சட்டம்) கிடையாது. ஈரச் செம்மண் மேட்டில் பாதி குலையோடு நின்றுவிட்டால் கிளட்ச் எரியும். ஜிம்னியில் முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில், லோ ரேஞ்ச். காடியின் எடை ஒரு டன் அளவுதான், சேற்றில் புதையாது.

கெம்பாரா 2002 (11.15)
ஒரு டன் காடியில் 64 குதிரைத்திறன். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் பை வைக்க இடமில்லை. குலை ஒன்று 20 கிலோ. எத்தனை ஏற்றுவீர்கள்? சேற்றில் ஏறுவது பாதி வேலை, பாரம் இறக்குவதுதான் முழு வேலை. என் அப்பா 30 வருஷம் தோட்டத்தில் லோரி ஓட்டினார், எனக்குத் தெரியும்.

கம்பார் ஸ்பேனர் (11.19)
பாரத்துக்கு டிராக்டர் இருக்கிறது அண்ணே. இவருக்கு மேடு ஏற வேண்டும். ரோட் டேக்ஸும் பாருங்கள்: 660 சிசிக்கு வருஷம் 20 வெள்ளி, உங்கள் 1.3-க்கு அதைவிடக் கூட.

கெம்பாரா 2002 (11.22)
ரோட் டேக்ஸில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க 90,000 வெள்ளிக் காடியா?

பால்காட்டு மேடு, சுங்கை சிப்புட் (11.48)
மன்னிக்கவும், மின்சாரம் போய்விட்டது. சொல்லாமல் விட்டேன்: காடி என் மகனுடையது. நகோயாவில் வேலை, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜேபி64. போன ஜூனில் அவன் பெயரில் வாங்கினான், ஜப்பான் லைசன் இருக்கிறது. ஜனவரியில் திரும்பி வருகிறான். ஏஜென்ட் என் பெயரிலேயே ஏபி எடுக்கலாம் என்கிறார்.

தாப்பா டீச்சர் (11.55)
அப்பாடா, இதைத்தான் முதலிலேயே கேட்டோம். ஜூனில் இருந்து ஜனவரி வரை எண்ணினால் 7 மாதம்தான். 9 மாதம் வேண்டும். அதுவும் விண்ணப்பம் மகன் பெயரில் போக வேண்டும், உங்கள் பெயரில் இல்லை. உங்கள் பெயரில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு காசு கூடக் கட்டாதீர்கள்.

ரிகொண்ட் 20 வருஷம் (நள்ளிரவு 12.10)
டீச்சர் சொல்வது சரி. மகன் மார்ச் கடைசி வரை அங்கேயே இருக்கட்டும். இரண்டு வருஷ விசா, வீட்டு முகவரிப் பதிவு, காடி வாங்கிய ரசீது, லைசன் எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்கிய சான்றிதழும் வேண்டும், அது இல்லாமல் கப்பல் ஏறாது. ஏபி கையில் வராமல் காடியைக் கப்பலில் ஏற்றாதீர்கள். போர்ட் கிள்ளானில் காடி கிடந்தால் நாள் கூலி ஏறிக்கொண்டே போகும், நான் பார்த்திருக்கிறேன். மித்தியில் நேரடியாகக் கேட்கலாம், ஏஜென்ட் அவசியமில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

ஈப்போ ஹாஃப்கட் (12.16)
சரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள். மகன் பெயரிலேயே வருகிறது என்றால் அந்த வழிதான் நல்லது.

பால்காட்டு மேடு, சுங்கை சிப்புட் (மறுநாள் மதியம் 1.20)
கட்டவில்லை. மகன் மார்ச் முடிந்துதான் வருகிறான், கம்பெனியில் சொல்லிவிட்டானாம். வரிக் கணக்கை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். நன்றி.

கெம்பாரா 2002 (1.34)
நல்லது அண்ணே. அதுவரை மழை நிற்காதே, மேட்டுக்கு என்ன செய்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமை நான் லாசா பக்கம் வருகிறேன். வேண்டுமானால் கெம்பாராவை உங்கள் பாதையில் ஏற்றிப் பாருங்கள்.