புதுப்பிப்பு: மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் தங்கிய விஎல்சி

விண்டோஸ் 10-இல் விஎல்சி வீடியோ பிளேயரின் சன்னலை மூடினாலும் அதன் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உள்ளே தங்கிவிடுகிறது, அடுத்த வீடியோ திறப்பதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பழைய கிராபிக்ஸ் டிரைவர்தான் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்). வீடியோவை டிகோட் செய்யும், அதாவது சுருக்கிய கோப்பைப் படமாக விரிக்கும் வேலை கிராபிக்ஸ் சிப்பிடம் போகிறது. மூடும்போது அது முடியட்டும் என்று விஎல்சி காத்திருக்கிறது, டிரைவரோ பதிலே தருவதில்லை. ஒரே இன்ஸ்டன்ஸ் போதும் (ஒரு நேரத்தில் ஒரு விஎல்சி மட்டும் ஓடும்) என்ற தேர்வும் போட்டிருந்ததால், புதிய கோப்பும் தொங்கி நின்ற புராசஸுக்கே போனது.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் விஎல்சிக்கு என்ட் டாஸ்க் கொடுங்கள். பிறகு டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ஹார்டுவேர் டிகோடிங்கை டிசேபிள் ஆக்கி, சேவ் செய்து, பிளேயரை மறுபடி திறக்கவும். 4கே வீடியோவுக்கு இப்படி விட்டால் டிகோட் வேலை முழுதும் சிபியு மேல் விழுந்து அது திணறும். அதனால் டிரைவரைப் புதுப்பித்ததும் ஆட்டோமேட்டிக்குக்கே திருப்பிவிட்டேன். இப்போது மூடியதும் புராசஸும் போய்விடுகிறது.

அப்படியும் தொங்கினால் ஆடியோ அவுட்புட்டை டைரக்ட்எக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.