பி.டி. தெளிக்க எது சரியான நேரம்? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தும்பை:
முட்டைக்கோஸில் புழு கண்டு நேற்று மாலை பி.டி. (புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து) தெளித்தேன். இன்று காலை பார்த்தால் புழுக்கள் அப்படியே இலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிடலாமா? எந்தப் பருவத்தில், எந்த வேளையில் அடித்தால் பலன் கிடைத்தது என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

மேழி:
புழு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், தின்கிறதா என்று பாருங்கள். பி.டி. பட்டவுடன் கொல்லும் மருந்து அல்ல. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றாக வேண்டும். காரத்தன்மையுள்ள அதன் குடலில் பாக்டீரியாவின் புரதப் படிகம் கரைந்து குடற்சுவரை ஓட்டையாக்குகிறது. சில மணி நேரத்தில் மேய்ச்சல் நின்றுவிடும். உயிர் போக இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

நான் வழக்கமாகச் செய்வது இது. தெளித்த மறுநாள் ஓர் இலையில் புழுவுக்கு அருகில் கிடக்கும் எச்சத்தைத் துடைத்துவிடுவேன். மாலையில் போய்ப் பார்ப்பேன். ஈரமாக, பச்சையாகப் புது எச்சம் விழுந்திருக்கவில்லை என்றால் அந்தப் புழுவின் கணக்கு முடிந்தது. பிறகு அது நிறம் மங்கி, தொட்டால் துவண்டு, கறுத்துப்போகும். அதற்குள் பொறுமையிழந்து ரசாயனத்தை எடுப்பவர்கள்தாம் ‘பி.டி. வேலை செய்யாது’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

செம்மண்:
மேழி ஐயா சொன்னது சரி. ஆனால் வளர்ந்த புழுவுக்கு அடித்தால் நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தாலும் பாதிதான் சாகும். முட்டையிலிருந்து வந்த முதல் இரண்டு நிலைகளில்தான் பி.டி.க்கு முழு மரியாதை. அதனால் தெளிப்பு நாளை நாட்காட்டி சொல்லக்கூடாது, முட்டை சொல்ல வேண்டும்.

தக்காளியில் காய்ப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி கூடத் தொடங்கியதும் நான் நுனி இலைகளைத் திருப்பிப் பார்ப்பேன். முட்டை ஒவ்வொன்றாக, தனித்தனியாக ஒட்டியிருக்கும். புதிதாக இட்டது பாலேடு நிறம். பிறகு பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். பொரிக்கும் முன்பு கறுக்கும். வளையம் கண்டதும் தெளிப்பானைக் கழுவித் தயாராக வைத்துவிடுவேன். பொரித்த புழு காய்க்குள் நுழைந்துவிட்டால் வெளியே எவ்வளவு அடித்தாலும் அதன் வாய்க்குப் போகாது.

புரோடீனியா (புகையிலை வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி) இந்த விஷயத்தில் நமக்கு வசதி செய்துகொடுக்கும். முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடி வைத்திருக்கும். பொரித்த குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக இருந்து ஒரே இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். அந்த இலையைக் கிள்ளி சோப்பு நீரில் போட்டுவிட்டால் தெளிப்பே வேண்டாம். அதே புழு வளர்ந்தபின் பகலில் மண்ணில் பதுங்கி இரவில்தான் மேலேறும். அப்போது நம் பாடு திண்டாட்டம்.

மாடித்தோட்டக்காரி:
வேளையைப் பொறுத்தவரை பொழுது சாய்ந்த பிறகுதான். புற ஊதாக் கதிர் பி.டி.யைச் சிதைத்துவிடும். காலையில் அடித்தால் உச்சிவெயிலுக்கே பாதியைக் கொடுத்துவிடுகிறோம். மாலையில் அடித்தால் இரவில் மேயும் புழுவுக்கு முழு வீரியத்தோடு கிடைக்கிறது. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். முட்டைக்கோஸ் போன்ற வழவழப்பான இலையில் ஒட்டும் திரவம் இல்லாவிட்டால் துளிகள் உருண்டோடிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. பி.டி. அதையும் கொல்லும். நான் அவற்றைக் கையால் எடுத்து, இதற்கென்றே விட்டுவைத்த வேறொரு செடியில் விடுவேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வயல்வரப்பு:
பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரி பக்கத்தில் இருந்தால் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். இந்தப் பாக்டீரியாவை 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா முதலில் கண்டதே நோயுற்றுச் செத்த பட்டுப்புழுவில்தான். துரிஞ்சியென்சிஸ் என்ற பெயர் பிறகு ஜெர்மனியின் துரிங்கியாவிலிருந்து வந்தது.

அகத்தி:
நான் வேப்பெண்ணெயும் கலந்து வாரம் தவறாமல் அடிக்கிறேன். முட்டைக்கோஸில் முன்புபோலக் கேட்கவில்லையே, ஏன்?

செம்மண்:
வாரம் தவறாமல் அடிப்பதுதான் காரணமாக இருக்கலாம். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்றது ஹவாய்த் தீவு வயல்களில் 1990-இலேயே பதிவாகியிருக்கிறது. பி.டி.யிலேயே வகைகள் உண்டு; குர்ஸ்டாகி வகையையே தொடர்ந்து அடிக்காமல் ஐசவாய் வகையை இடையில் மாற்றி அடித்துப் பாருங்கள். புழு இல்லாத வாரம் அடிக்காதீர்கள்.

வேம்பை நான் கலப்பதில்லை. கலந்து அடித்துத் திருப்தியாக இருப்பவர்களும் உண்டு, சண்டைக்கு வரவேண்டாம். வேம்பு புழுவின் பசியைக் கெடுக்கும், தின்றால்தானே பி.டி. உள்ளே போகும்? மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. அதன் காரம் படிகத்தைத் தொட்டியிலேயே கெடுத்துவிடும்.

தும்பை:
மேழி ஐயா சொன்னபடி துடைத்துவிட்டுப் பார்த்தேன், புது எச்சம் இல்லை. இன்று இரவு மழை வரும்போலிருக்கிறது. மறுபடி அடிக்க வேண்டுமா?

மேழி:
தின்பதை நிறுத்திய புழுவுக்கு இனி மருந்து எதற்கு? மழை விட்டதும் குருத்தைப் பாருங்கள். அங்கே விரியும் இலையில் நீங்கள் அடித்தது எதுவும் இல்லை, புதிதாகப் பொரிக்கும் புழு அங்கேதான் தொடங்கும். சிறு புழு கண்ணில் பட்டால் அன்று மாலையே அடியுங்கள். கரைத்து மீந்ததை வைத்திருந்து அடிக்க வேண்டாம், அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது.