ஆவணித் தேன் யாருக்கு?

முதற்பெட்டி:
வணக்கம். கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்டூவில் அருகே நண்பர் ஒருவரின் பண்ணை ஓரத்தில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மே மாதம் வாங்கியவை, எனக்கு இதுதான் முதல் ஆண்டு. ஸ்காபரோ வீட்டுக் கொல்லையில் வைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அயல்வீட்டு எல்லை மிக அருகில் இருப்பதால் விட்டுவிட்டேன். 

இப்போது ஆகஸ்ட் கடைசி வாரம். இரண்டு பெட்டிகளிலும் கீழே ஒரு புழு அறை, மேலே இரண்டு தேன் அறைகள். தேன் அறைகளைத் தனியாகத் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். கோல்டன்ராட் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பெட்டிப் பக்கம் போனால் துவைக்காத காலுறை நாற்றம். உள்ளே ஏதோ செத்துவிட்டது என்று பயந்தேன். அந்தப் பூவின் தேன் வற்றும்போது அப்படித்தான் வாடை அடிக்கும் என்று பண்ணைக்காரர் சிரித்தார். "மேலே உள்ள தேன் முழுவதையும் எடு, உண்ணிக்கு மருந்தாக ஃபார்மிக் அமிலப் பட்டை வை, பிறகு சீனிப்பாணி கொடு" என்பது அவர் யோசனை. இன்னொருவரோ, "அவற்றின் தேனைத் திருடிக்கொண்டு சீனியைக் கொடுப்பதா? ஒன்றையும் தொடாதே" என்கிறார். உறவினரில் பாதிப் பேருக்குத் தேன் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன், அது வேறு. யார் சொல்வதைக் கேட்பது?

பனையோலை:
தங்கச்சி, இரண்டாவதாகச் சொன்னவரைக் கேளுங்கள். பெட்டிக்கு ஒரு தேன் அறையை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றதில் வேண்டியதை எடுத்து உறவினருக்குக் கொடுங்கள், பாவமில்லை. சீனியில் இனிப்பைத் தவிர என்ன இருக்கிறது? தேனில் மகரந்தம் இருக்கிறது, நொதிகள் இருக்கின்றன. சீனி ஆலை வருவதற்கு முன்பும் இந்தப் பூச்சி பனியைக் கடந்துதான் வந்திருக்கிறது.

மருந்து விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. நான்கு பெட்டிகள், ஏழு ஆண்டுகள், ஒரு துளி அமிலம் வைத்ததில்லை. ஃப்ளுவாலினேட் என்ற உண்ணிக்கொல்லி வந்தது, தேனீயைப் பற்றிக்கொண்டு வாழும் வரோவா உண்ணி அதற்குப் பழகிக்கொண்டது. கூமாஃபாஸ் வந்தது, அதற்கும் பழகிக்கொண்டது. மருந்து வைக்க வைக்க வலிய உண்ணியையும் நோஞ்சான் தேனீயையும்தான் வளர்க்கிறோம். நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்காவுக்கு அருகே ஆர்னாட் காடு இருக்கிறது. தாமஸ் சீலி என்ற ஆய்வாளர் அங்கே மரப்பொந்துகளில் வாழும் தேனீக் கூடுகளை 1978இல் தேடிக் கணக்கெடுத்தார். உண்ணி வந்த பிறகு 2002இல் மறுபடி போய்ப் பார்த்தார். ஏறத்தாழ அதே எண்ணிக்கை! யாரும் அங்கே பட்டை வைக்கவில்லை.

தச்சன்:
ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை புதிதாகத் தேனீ வாங்கினீர்கள் அக்கா? அதையும் சொன்னால்தான் கணக்கு முடியும்.

பனையோலை:
மூன்று முறை. மறைக்க ஒன்றுமில்லை. மருந்து வைக்கிறவர்கள் வாங்குவதில்லையா? 2021–22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் நூற்றுக்கு 45 பெட்டிகள் போயின. அவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்களா?

தச்சன்:
இல்லை. என்னைப் போன்றவர்கள். அந்த ஆண்டு என்னிடம் இருந்த ஆறில் ஐந்து போயிற்று.

நடந்தது இதுதான். 2021இல் வசந்தம் முந்தி வந்தது. ராணி முட்டையிடுவதும் முந்தியது, அதோடு உண்ணியும் முந்திக்கொண்டது. நானோ வழக்கம்போல் தேன் எல்லாம் எடுத்து, பிழிந்து, போத்தலில் அடைத்து, செப்டம்பர் கடைசியில் சாவகாசமாக மருந்து வைத்தேன். மார்ச்சில் திறந்தால் பெட்டி நிறையத் தேன் இருக்கிறது. நடுவில் கைப்பிடி அளவு தேனீக்கள், ராணியோடு செத்துக் கிடக்கின்றன. குளிர் கொன்றுவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அடையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அடையின் கண்ணறைகளின் மேற்புறத்தில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். உண்ணியின் எச்சம். அவை செத்தது சனவரியில் என்றாலும் அடி விழுந்தது ஆகஸ்டில்.

இதைப் புதியவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஐந்தாறு வாரம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பிறப்பவை வேறு மாதிரி. வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதம் வாழும். பனிக்காலம் முழுவதும் பந்தாகத் திரண்டு, சிறகுத் தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கி, வசந்தத்தில் முதல் புழுக்களுக்குப் பாலூட்டுவது அவைதான். வளர்ந்த தேனீயிடம் உண்ணி முக்கியமாக உண்பது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான். 2019இல் சாமுவேல் ராம்சியும் உடன் ஆய்வாளர்களும் இதைக் காட்டினார்கள். அதுவரை எல்லோரும் இரத்தம் குடிக்கிறது என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. ஆகஸ்டில் ராணி முட்டையைக் குறைக்கிறாள், புழுக்கள் குறைகின்றன. ஆனால் உண்ணி கோடை முழுவதும் பெருகி உச்சத்தில் நிற்கிறது. சூனில் பத்துப் புழுக் கண்ணறைக்கு ஒன்றில் நுழைந்தது, இப்போது மூன்றுக்கு ஒன்றில் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணறைகளில் இருப்பவைதான் குளிர்காலத் தேனீக்கள். தேன் எடுக்கும் தேதியை உறவினரின் வாய் தீர்மானிக்கட்டும், மருந்தின் தேதியை அது தீர்மானிக்கக் கூடாது.

ஆர்னாட் காடு பற்றி: அங்கே கூட்டுக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவு தூரம். கூடுகள் சிறியவை, அடிக்கடி கூட்டம் பிரிந்து போகும், ஒவ்வொரு பிரிவிலும் புழு வளர்ப்பு நிற்கும். தேறாதவை செத்த பிறகு தேறியவைதான் இன்று இருக்கின்றன. சுவீடனில் கோட்லண்ட் தீவில் 1999இல் 150 கூடுகளை மருந்தில்லாமல் விட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானவை அழிந்தன, மிஞ்சியவை தாக்குப்பிடித்தன. அக்கா, இரண்டு பெட்டி வைத்திருப்பவர் எதை அழியவிட்டு எதை மிச்சப்படுத்துவார்?

மார்த்தாண்டம்காரன்:
எங்கள் அப்பா குமரி மாவட்டத்தில் நாட்டுத் தேனீக்கான நியூட்டன் பெட்டிகள் வைத்திருந்தவர். நான் இப்போது ஹாமில்டனில். சீனி விஷயத்தில் இரண்டு வார்த்தை.

ஊரில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். சனவரி முதல் மார்ச் வரை கொண்டாட்டம். மழைக்காலத்தில் ஒன்றும் இராது. அப்பா சிரட்டையில் சீனிப்பாணி ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க இரண்டு குச்சி போட்டுப் பெட்டிக்குள் வைப்பார். அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. வைக்காவிட்டால் நாட்டுத் தேனீ கூட்டை விட்டு ஓடிவிடும். இங்குள்ள இத்தாலியத் தேனீக்குப் பனியில் ஓட இடமில்லை, செத்துத்தான் போகும். உண்ணி என்ற பேச்சையே அப்பா வாயில் கேட்டதில்லை. அந்த உண்ணியின் பழைய வீடே நம் நாட்டுத் தேனீதான். அது பெரும்பாலும் ஆண் புழுக்களில் மட்டும் பெருகும், தேனீக்களும் ஒன்றையொன்று துடைத்துக் கடித்துப் போடும். மேற்கத்தியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சீனி கெடுதல் என்று நம்பி, முதல் ஆண்டு இங்கே வெல்லப் பாகு காய்ச்சி ஊற்றினேன். சனவரியில் பெட்டியின் முகமெல்லாம் பழுப்புத் தாரை. உள்ளே அடை முழுவதும் பேதி. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் தேனீயால் செரிக்க முடியாத கசடு அதிகம். வெப்பம் பத்துப் பாகையைத் தொடாத வரை வெளியே பறந்து மலம் கழிக்க முடியாது, மாதக்கணக்கில் அடக்க வேண்டும். வெள்ளைச் சீனியில் ஒன்றுமில்லை என்று அக்கா சொன்னது முழு உண்மை. குளிர்காலத்துக்கு அதுதான் அதன் சிறப்பு.

பனையோலை:
வெல்லம் கொடுத்தவர் எனக்குச் சீனிப் பாடம் நடத்துகிறார், நல்லது. வெல்லம் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கொடுக்கச் சொன்னது வெல்லமல்ல, தேன். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி. ஃபார்மிக் அமிலப் பட்டை வைக்கும்போது பகல் வெப்பம் 29.5 பாகையைத் தாண்டக் கூடாது என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. தாண்டினால் ராணி போய்விடலாம். வரும் புதன்கிழமை 31 என்று வானிலையில் போட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் ராணியை இழந்த பெட்டிக்குப் புது ராணி எங்கே கிடைப்பாள்? உண்ணிக்குத் தப்பிய கூட்டை மருந்தால் கொல்வதுதான் நடக்கும்.

தச்சன்:
வெப்பத்தைப் பற்றி அக்கா சொன்னது சரி. முதல் மூன்று நாள்தான் ஆபத்து. வெயில் தணியும் வரை காத்திருக்க வேண்டும்.

தேனை விடுவதற்கும் நான் எதிரியல்ல. விட்டால் ஒன்றைச் செய்யுங்கள்: இடையிலுள்ள ராணித் தடுப்பு வலையை எடுத்துவிடுங்கள். திரள் தேனைத் தேடி மேலே ஏறும், ராணி வலைக்குக் கீழே தனியாக விறைத்துச் சாவாள். எடுத்துவிட்டுப் பாணி கொடுப்பதென்றால் எடைக்கு இரண்டு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைச் சுடவைத்து இறக்கிச் சீனியைக் கரையுங்கள், கருகவிடாதீர்கள். புழு அறை மட்டும் உள்ள பெட்டி குளிருக்குள் போகும்போது மொத்தம் 35 கிலோ அளவு இருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்துக்குள் கொடுத்து முடியுங்கள், இல்லாவிட்டால் நீரை வற்றவைத்து மெழுகால் மூட அவற்றுக்கு நேரமிராது. திறந்த பாத்திரத்தில் வெளியே வைத்தால் அக்கம்பக்கத்துத் தேனீயும் மஞ்சள் குளவியும் சேர்ந்து கொள்ளையடிக்கும். வாசலையும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்குங்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் எண்ணுங்கள். புழு உள்ள அடைச் சட்டம் ஒன்றை எடுத்து, ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, அரைக் கோப்பை தேனீயை ஆல்கஹாலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். அது 300 தேனீ அளவு. அடியில் விழும் செந்நிறப் புள்ளிகளை எண்ணுங்கள். ஆகஸ்டில் நூறு தேனீக்கு மூன்றைத் தொட்டால் மருந்து. 300 தேனீயைக் கொல்வதா என்று மனம் கேட்கும். எனக்கும் கேட்டது.

ஈரக்கூரை:
எல்லோரும் உண்ணியிலேயே நிற்கிறீர்கள். தேனீயின் மூச்சுக்காற்று குளிர்ந்த மூடியில் பட்டு, நீராகித் திரளின் தலையில் சொட்டுவதை யார் பார்ப்பது? பக்கங்களில் கறுப்பு உறை சுற்றுவதற்கு முன் மூடிக்கு மேலே தடித்த வெப்பக் காப்புப் பலகை வையுங்கள். மேலே சின்ன வாசல் ஒன்று. கீழ் வாசலுக்கு எலித் தடுப்பு. உலர்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்த தேனீ தாங்காது.

தச்சன்:
சரிதான், ஆனால் அது நவம்பர் வேலை அண்ணா.

ஈரக்கூரை:
நவம்பரில் கடையில் பலகை இராது தம்பி.

முதற்பெட்டி:
நேற்று மாலை எண்ணிவிட்டேன். கை நடுங்கியது, இரண்டு கொட்டு வாங்கினேன். வலப்பக்கப் பெட்டியில் 300க்கு 13. இடப்பக்கத்தில் 4. ஒரே நாளில் வாங்கி, ஒரே இடத்தில் வைத்தவை. ஏன் இவ்வளவு வேறுபாடு?

பனையோலை:
இதைத்தான் சொல்கிறேன்! இடப்பக்கத்து ராணியிடம் ஏதோ இருக்கிறது. அதில் மருந்து வைத்தால் அது உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது. அடுத்த வசந்தத்தில் அவளிடமிருந்து மகள் ராணி வளர்த்து வலப்பக்கத்துக்குக் கொடுங்கள். வலப்பக்கத்தில் வேண்டுமானால் வையுங்கள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

தச்சன்:
ஒரு எண்ணிக்கையை வைத்து ராணிக்கு மகுடம் சூட்ட முடியாது. ஒரு கோடையில் அது குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இரண்டும் அருகருகே நிற்கின்றன. தேனீ வழிமாறி அடுத்த பெட்டிக்குள் போகும், உண்ணியும் கூடவே போகும். வலப்பக்கப் பெட்டி நலிந்தால் இடப்பக்கத் தேனீ அங்கே போய் அதன் தேனைக் கொள்ளையடித்து உண்ணியை முதுகில் சுமந்து வரும். இரண்டுக்கும் வையுங்கள்.

மார்த்தாண்டம்காரன்:
இதில் நான் அக்கா பக்கம். நூற்றுக்கு ஒன்றரை கூட வராத பெட்டிக்கு இப்போதே அமிலம் எதற்கு? நவம்பர் கடைசியில் புழு இல்லாத நேரத்தில் ஆக்ஸாலிக் அமிலம் ஒருமுறை போதும். மூடிய புழுக் கண்ணறைக்குள் அது போகாது, ஆனால் அப்போது மூடிய கண்ணறையே இராது.

முதற்பெட்டி:
முடிவு செய்துவிட்டேன். வலப்பக்கத்தில் தேன் அறை இரண்டையும் எடுக்கிறேன், உறவினர் பிழைத்தார்கள். சனிக்கிழமை முதல் ஒரு வாரத்துக்கு 24ஐத் தாண்டாது என்கிறார்கள், அன்றே ஃபார்மிக் பட்டை. 14 நாள் கழித்துப் பட்டையை எடுத்ததும் பாணி. இடப்பக்கத்தில் ஒரு தேன் அறையை விட்டு, வலையை எடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி எண்ணுகிறேன்.

தச்சன்:
இரண்டு வாரம் அல்ல, பத்து நாள். வலப்பக்கத்துக்குப் பட்டை வைத்த பிறகு அங்கிருந்து இடப்பக்கத்துக்குத் தேனீ வழிமாறி வருவது கூடும்.

பனையோலை:
பத்தாம் நாள் எண்ணிக்கையை எனக்கும் சொல்லுங்கள் தங்கச்சி. என் நான்கிலும் ஒருமுறை கழுவிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மருந்து வைப்பதற்கல்ல, தெரிந்துகொள்ள மட்டும்.

தச்சன்:
என்னிடம் ஆல்கஹால் மீதி இருக்கிறது அக்கா. கொண்டு வரட்டுமா?

பனையோலை:
ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பட்டையைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.